என் திரையைத் தொட்டது யார்

ஸஹ்லே
30 ஜனவரி 2023

வதாத்,

காகிதத்தில் கடிதமா என்று சிரிப்பாய். சிரி. போன் திரையைப் பார்த்தால் எனக்கு இன்னும் குமட்டிக்கொண்டு வருகிறது. விடுப்பில் அண்ணன் வீட்டுக்கு வந்து படுத்திருக்கும் எனக்கு நீ அனுப்பிய செய்தியை அண்ணிதான் வாசித்துக் காட்டினாள். "மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் இனி விடுப்பு கிடையாது" என்ற வரி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. "உங்க சிநேகிதியே உங்கள நம்பலையே!" என்றாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் கல்யாண நாளில்கூட நான் பார்த்ததில்லை.

ஆகவே இனி நீயும் கையால் எழுது. இங்கேயும் பெய்ரூட்டுக்குமாக ஓடும் அபூ வஜீயின் வேனில் கொடுத்தனுப்பு. உறையை நன்றாக ஒட்டு. அந்த மனுஷனுக்கு ஸ்டீயரிங்கைவிட அடுத்தவர் சங்கதியில்தான் பிடி அதிகம்.

சான்றிதழ் கேட்டது உஸ்தாத் ஃபாரிஸ் என்று எனக்குத் தெரியும். அவர் முதலாளி, கேட்கட்டும். ஆனால் கையெழுத்து உன்னுடையது. பதினேழு வருடமாக அந்தப் பதிப்பகத்தில் நான் பிழை திருத்துகிறேன். ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே தட்டில் லப்னே தயிர் தொட்டுச் சாப்பிட்டிருக்கிறோம். மின்சாரம் போன படிக்கட்டில் நான் உருண்டு விழுந்தபோது தூக்கியவளே நீதான். அன்று தலையில் பட்ட அடியிலிருந்துதான் வெளிச்சம் எனக்கு ஆகாமல் போனது. இதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும் உனக்கு?

பழைய மானிட்டர் இருந்தவரை சமாளித்தேன். ஜெனரேட்டர் எகிறி அதை எரித்த பிறகுதான் இந்தச் சனியன். முதலில் வாங்கியது கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. அதில் எழுத்தைவிட மேலே எரியும் குழல்விளக்குதான் நன்றாகத் தெரிந்தது. இரண்டாவதன் பெட்டியில் "கண்ணுக்கு இதமானது" என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. அதன் முன்னால் இருபது நிமிடம் உட்கார்ந்தால் போதும், இடது கண்ணுக்குப் பின்னால் ஆணி இறங்கும். கடைசி நாள் நான் வாந்தி எடுத்ததைத் துடைத்தவளும் நீதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். காலையில் நான் வரும்போது அந்த மானிட்டர் முந்தின நாள் விட்டுப்போன மாதிரி இருந்ததில்லை. கொஞ்சம் திரும்பியிருக்கும். கீழ் விளிம்பில் விரல் பட்ட கறை இருக்கும். யார் கை அது? உஸ்தாதின் மச்சினி லமீஸ் என் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வருவதை நான் கவனிக்காமல் இல்லை.

கின்வா

*

பெய்ரூட்
3 பிப்ரவரி

அன்புள்ள கின்வா,

உறையை மூன்று முறை ஒட்டியிருக்கிறேன். போதுமா?

சான்றிதழ் கேட்கச் சொன்னது அவர். எழுதியது நான். என் வேலையே அதுதான், உனக்குத் தெரியாததா? ஆனாலும் மனதில் இருப்பதை மறைக்க எனக்கு வராது. எனக்கும் ஒன்றும் புரியவில்லை, அதனால் கேட்டுவிடுகிறேன்.

இரண்டாவது மானிட்டரை வாங்கும்போது நீயும் கடைக்கு வந்தாய். "உக்காந்து பாருங்க மேடம், பிடிக்கலன்னா வேற காட்டறேன்" என்றான் கடைக்காரன். நீ முழுசாய் அரைமணி நேரம் உட்கார்ந்தாய். அவனோடு சிரித்துச் சிரித்துப் பேசினாய். அவன் வைத்த காபியைக் குடித்தாய். தலைவலி என்ற சொல்லே உன் வாயில் வரவில்லை. அதே மானிட்டர், அதே நீ. அலுவலகத்துக்கு வந்ததும் இருபது நிமிடத்தில் தலையைப் பிடித்துக்கொள்கிறாய். கடையில் வலிக்காதது என் எதிரில் மட்டும் எப்படி வலிக்கும்?

இதை யாரிடமும் சொல்லாமல்தான் இருந்தேன். போன வாரம் அபூ வஜீ வந்து சொன்னதைக் கேட்ட பிறகு என்னால் முடியவில்லை. "உங்க சிநேகிதிக்கா உடம்பு சரியில்ல? அவங்க மாமா பொண்ணு கல்யாணத்துல தப்கே ஆட்டத்துக்கு முன்வரிசையில நின்னாங்களே! தலைக்கு மேல நூறு விளக்கு எரியுது, அம்மாவுக்கு ஒரு முக்கல் முனகல் இல்ல!" என்றான். லமீஸ் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குள் உஸ்தாத் காதுக்குப் போய்விட்டது.

மார்ச் முதல் தேதிக்குள் முடிவு வேண்டும் என்கிறார் அவர். தாவரக் களஞ்சியத்தின் நான்காம் பாகம் அச்சுக்குப் போக வேண்டும். நீ வந்து முழுநாள் வேலை செய்தால் நாற்காலி உனக்கு. இல்லாவிட்டால் லமீஸுக்கு. நேரே சொல்லிவிட்டார்.

மானிட்டரை யாரும் தொடுவதில்லை. அலுவலகத்தைத் திறப்பதும் நான், பூட்டுவதும் நான். சாவி என் கழுத்தில் தொங்குகிறது. உனக்கு யார்மேல்தான் சந்தேகம் இல்லை?

நான் வாங்கித் தந்த கறுப்புக் கண்ணாடியையாவது போட்டுக்கொள்கிறாயா?

வதாத்

*

ஸஹ்லே
9 பிப்ரவரி

வதாத்,

ஆமாம், ஆடினேன். முன்வரிசையில்தான் ஆடினேன். முட்டி இன்னும் வலிக்கிறது. வேண்டுமானால் அதையும் எழுதி உஸ்தாதிடம் கொடு.

ஆனால் முழுவதையும் எழுது. அபூ வஜீ பாதியில் சாப்பிடப் போய்விட்டான், மீதியை அவன் பார்க்கவில்லை. அங்கே தொங்கியதெல்லாம் மாமாவின் பழைய குண்டு பல்புகள், மஞ்சள் வெளிச்சம். அதன் கீழே மூன்று மணி நேரம் நின்றேன், ஒன்றும் ஆகவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு வீடியோக்காரன் தன் வெள்ளை விளக்கைக் கொண்டுவந்தான். அதை மேடையில் வைத்துப் பிடிக்கும்போது ஒன்றுமில்லை. கண் கூசுகிறது என்று மணமகள் சொன்னதும் பொத்தானை அழுத்தி அடக்கி வைத்தான். எண்ணிப் பத்து நிமிடம். அடுப்படிக்கு ஓடிப்போய் பாத்திரம் கழுவும் தொட்டியில் தலையை வைத்துக்கொண்டேன். அதை யாரும் அபூ வஜீக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

கடையில் ஏன் வலிக்கவில்லை என்று கேட்டிருக்கிறாய். எனக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்பவள் பொய் சொல்கிறாள் என்றுதான் நீ எடுத்துக்கொள்வாய், எடுத்துக்கொள். பிழை திருத்துகிறவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டு பக்கத்தில் ஒரே பெயர் இரண்டு விதமாக இருந்தால், எது தவறு என்று தெரியும்வரை தூக்கம் வராது. இங்கே அலுவலகப் பக்கத்தில்தான் தவறு என்று என் மூக்கு சொல்கிறது.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியாகிவிட்டது. இங்கே ஒரு கண் மருத்துவரைப் பார்த்தேன். "வீட்டுக்குள்ள யாரும்மா இத மாட்டச் சொன்னது? கண்ணு இருட்டுக்குப் பழகிடும். அப்பறம் மெழுகுவத்தியக்கூடப் பாக்க முடியாது" என்று திட்டினார். யார் மாட்டச் சொன்னது என்று நான் சொல்லவில்லை. உன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன்.

சாவி உன்னிடம்தான் இருக்கிறது என்கிறாய். சரி. அப்படியானால் தினமும் காலையில் என் ஜன்னலில் கம்பளி தொங்கியதே, அதைக் கட்டியது யார்? என் மேசை விளக்கு சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்ததே, அது தானாகத் திரும்பியதா? லமீஸுக்கு மாற்றுச் சாவி கொடுத்திருக்கிறாயா? உண்மையைச் சொல்.

அந்த மானிட்டரை வேனில் ஏற்றி அனுப்பு. நானே பார்த்துக்கொள்கிறேன்.

கின்வா

*

பெய்ரூட்
14 பிப்ரவரி

கின்வா,

மானிட்டர் வருகிறது. போர்வையில் சுற்றி, கயிறு கட்டி, அபூ வஜீயின் பக்கத்து சீட்டில் உட்கார வைத்திருக்கிறேன். ஒரு பயணிக்கான இடம் போச்சு என்று முணுமுணுத்தான். அது வரும்போது உடைந்திருந்தால் அதையும் லமீஸ் தலையில் கட்டாதே.

லமீஸிடம் மாற்றுச் சாவி இல்லை. அவள் ஒன்பதரைக்கு முன் வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

கம்பளியைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். சுத்தம் செய்ய வருகிறவள் கட்டியிருப்பாள். எனக்கு எப்படித் தெரியும்? இதெல்லாம் ஒரு கேள்வியா?

இன்னொன்று. உஸ்தாத் ஒரு காகிதம் எழுதச் சொன்னார். "அலுவலகத்தில் ஊழியரின் உடல்நலத்துக்குக் கேடான எதுவும் இல்லை, வேண்டிய வசதிகள் எல்லாம் செய்து தரப்பட்டன" என்று. கையெழுத்துப் போட்டுவிட்டேன். பொய் எழுதவில்லை, கின்வா. உனக்கு என்ன குறை வைத்தோம்? அந்தக் கல்யாணக் கதையைக் கேட்டதிலிருந்து என் வயிறு எரிகிறது. எவ்வளவு எரிகிறது என்று உனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

வதாத்

*

ஸஹ்லே
22 பிப்ரவரி

வதாத்,

கையெழுத்துப் போட்டாயா? சரி. அதைப் பற்றி இப்போது பேசவில்லை. பேசினால் இந்தக் காகிதம் கிழியும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கவனமாகப் படி, பிறகு உஸ்தாதிடமும் படித்துக் காட்டு.

மானிட்டர் வந்தது. அண்ணன் அதைப் பொருத்தும்போது ஏதேதோ பொத்தானை அழுத்தி, கடையிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிட்டான். முழு வெளிச்சம். பார்த்ததும் பயந்துபோனேன். ஆனாலும் உட்கார்ந்தேன். கூசியது, கண்ணைச் சுருக்கிக்கொண்டேன். ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. ஆணி இறங்கவில்லை. இரண்டு மணி நேரம். அப்போதும் இல்லை. எனக்கு அழுகை வந்தது, வதாத். அண்ணி பார்த்துவிடக் கூடாதென்று வெங்காயம் உரிக்கப் போனேன்.

மறுநாள், நம் கண்ணுக்கு நாமே இதம் செய்வோமே என்று வெளிச்சத்தை அடியோடு குறைத்தேன். மங்கலாக, சாதுவாக இருந்தது. பதினைந்தாவது நிமிடம் ஆணி.

யோசிக்கும்போது சிவப்புப் பென்சிலை விசிறி மாதிரி ஆட்டுவேனே, உனக்குப் பிடிக்காத பழக்கம், அதைச் செய்துகொண்டிருந்தேன். திரையின் வெள்ளைக்கு எதிரே பென்சில் ஒன்றாகத் தெரியவில்லை. சீப்புப் பல் மாதிரி ஏழெட்டுப் பென்சில் தனித்தனியாக நின்றது. வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவிட்டு ஆட்டினேன். ஒரே சிவப்புத் தீற்றல். மறுபடி இறக்கினேன். மறுபடி சீப்பு.

மருத்துவரிடம் ஓடினேன். அவர் அதிசயப்படவே இல்லை. "சில மானிட்டர் அப்படித்தாம்மா. வெளிச்சத்தக் கொறைக்கச் சொன்னா அது கொறைக்காது. ஒரு நொடியில நூத்துக்கணக்கான தடவ அணைஞ்சு அணைஞ்சு எரியும். கண்ணுக்கு மங்கலாத்தான் தெரியும், ஆனா மூளைக்கு அடி விழும். உங்களுக்கு வேண்டியது இருட்டு இல்ல, ஆடாத வெளிச்சம்" என்றார். கல்யாணத்துக் குண்டு பல்பில் கம்பி சூடாகி எரிகிறது, அதனால் சட்டென்று அணைந்து எரிய முடியாதாம். வீடியோக்காரனின் விளக்கு அடக்கி வைத்ததும் வெட்ட ஆரம்பித்திருக்கும் என்றார். பெட்டியில் தங்க எழுத்தில் என்ன போட்டிருந்தாலும் நம்பாதீர்கள், கடைக்குப் பென்சிலோடு போங்கள், வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் பாருங்கள் என்றும் சொன்னார்.

இப்போது முழு வெளிச்சத்தில் வைத்து, அண்ணன் கடையில் கார் கண்ணாடிக்கு ஒட்டுவார்களே அந்தக் கறுப்புத் தாளை ஒன்று வெட்டித் திரைமேல் ஒட்டியிருக்கிறேன். மந்திரி கார் மாதிரி இருக்கிறது. நேற்று ஆறு மணி நேரம் வேலை செய்தேன்.

இனிதான் விஷயம். கடையில் அது முழு வெளிச்சத்தில் இருந்தது. அதனால்தான் அங்கே சிரித்தேன், காபி குடித்தேன். அலுவலகத்தில் முதல் நாளிலிருந்தே அது அடியோடு குறைந்திருந்தது. நான் குறைக்கவில்லை. மங்கல் எனக்கு நல்லது என்று நினைத்து அப்படியே விட்டேன், அது என் முட்டாள்தனம். ஆனால் குறைத்தது யார்? நடுவில் ஒருநாள் மின்சாரம் எகிறி அது மறுபடி முழுதாக எரிந்தது, நினைவிருக்கிறதா? மறுநாள் காலையில் திரும்பவும் குறைந்திருந்தது. யாரோ தினமும் வந்து பார்த்துப் பார்த்துக் குறைத்திருக்கிறார்கள். விரல் கறையோடு.

என்னைத் துரத்த வேண்டும் என்று ஒருத்திக்குத்தான் ஆசை. மார்ச் முதல் தேதி வருகிறேன். எல்லோர் முன்னிலையிலும் லமீஸைக் கேட்கப் போகிறேன். அவள் அங்கே இருக்கக் கூடாது, அல்லது நான் இருக்க மாட்டேன். நீ எந்தப் பக்கம் என்று அதற்குள் முடிவு செய்துகொள்.

கின்வா

*

பெய்ரூட்
25 பிப்ரவரி

கின்வா,

லமீஸை ஒன்றும் கேட்காதே. அவள் இல்லை.

நான்தான்.

உன் கடிதத்தை அபூ வஜீ கொடுத்ததும் வாசலிலேயே நின்று படித்தேன். படித்து முடித்து உள்ளே போய், என் மானிட்டரில் வெளிச்சத்தை அடியோடு குறைத்துவிட்டுப் பென்சிலை ஆட்டினேன். உன்னுடையதோடு வாங்கிய அதே ரகம்தான். சீப்பு. உட்கார்ந்துவிட்டேன். "என்ன வதாத் அக்கா, மூஞ்சி வெளுத்துப் போச்சு? தண்ணி கொண்டாரட்டுமா?" என்று கேட்டவள் யார் தெரியுமா? லமீஸ்.

தினமும் ஏழரைக்கு வருவேன். நீ வர எட்டரை ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் ஜன்னலில் கம்பளி கட்டுவேன். நான் வாங்கிவைத்த மேசை விளக்கை அடியோடு தணித்துச் சுவரைப் பார்த்துத் திருப்புவேன். பிறகு உன் மானிட்டரின் கீழ்விளிம்பில் தடவித் தடவி அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு படியாக இறக்குவேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று. உனக்கு வலி கூடக்கூட நான் இன்னும் இறக்கினேன். நம் ஊரில் நாம் வளர்ந்த விதம் அப்படி. பேட்டரி தீர்ந்துவிடும் என்று குறை, பெட்ரோல் தீர்ந்துவிடும் என்று குறை. குறைத்தால் நல்லது என்றே கைக்குப் பழகிவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ விழுந்த பிறகு ஒருநாள் உனக்காகப் படிக்கட்டில் டார்ச் பிடித்தேன். "என்ன நோயாளி மாதிரி நடத்தாத, வதாத்! இன்னொரு தடவ செஞ்சா மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்" என்று கத்தினாய். அன்றிலிருந்து உனக்குத் தெரியாமல்தான் எதையும் செய்வேன்.

அதனால்தான் அந்தக் கல்யாணக் கதை என்னை அப்படிச் சுட்டது. நான் இங்கே விடியற்காலையில் கம்பளி கட்டுகிறேன், அவள் அங்கே ஆடுகிறாள் என்று. அந்த ஆத்திரத்தில்தான் கையெழுத்துப் போட்டேன். கேட்ட கேள்விக்குப் பொய்யும் சொன்னேன். சுத்தம் செய்கிறவள் கட்டியிருப்பாளாம்! அவள் வாரத்தில் ஒருநாள்தான் வருகிறாள், உனக்கே தெரியும்.

நேற்று உஸ்தாத் அறைக்குப் போனேன். லமீஸும் இருந்தாள். அவள் பெயர் வரும் வரிகளை விட்டுவிட்டு உன் கடைசி இரண்டு கடிதத்தையும் படித்துக் காட்டினேன், பென்சிலை ஆட்டிக் காட்டினேன், வெளிச்சத்தைக் குறைத்தது நான்தான் என்றேன், அந்தக் காகிதத்தைத் திருப்பித் தரச் சொன்னேன். அவர் பென்சிலை வாங்கித் தானே ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். பிறகு, "மூணு மாசமா அந்தப் பொம்பளைய வாந்தி எடுக்க வெச்சுட்டு, இங்க கேடான எதுவும் இல்லன்னு எங்கிட்டயே எழுதிக் கொடுத்திருக்கீங்க. இனி சாவி உங்ககிட்ட வேண்டாம்" என்றார். பத்தொன்பது வருடமாக என் கழுத்தில் இருந்தது, கின்வா. கழற்றும்போது சங்கிலி முடியில் சிக்கிக்கொண்டது. லமீஸ்தான் எடுத்துவிட்டாள். சாவி இப்போது அவளிடம் இருக்கிறது.

காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டார். முதல் தேதி நீ வந்து முழுநாள் உட்கார்ந்தால் நாற்காலி உன்னுடையதுதான். மந்திரி கார் மானிட்டரை மறக்காமல் கொண்டுவா. உன் மேசைக்கு மேலே இருந்த குழல்விளக்கைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன். குண்டு பல்பு இங்கே நான்கு கடையில் தேடியும் கிடைக்கவில்லை. மாமாவிடம் மிச்சம் இருந்தால் இரண்டு கேட்டு வாங்கு. வேறு எதையும் நான் தொடவில்லை. கம்பளியை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

வதாத்

*

ஸஹ்லே
27 பிப்ரவரி

வதாத்,

இது கையால் எழுதியது இல்லை, பார்த்தாயா? மந்திரி காரில் உட்கார்ந்து தட்டச்சு செய்து, அண்ணன் கடையில் பில் போடும் பிரின்டரில் அச்சடித்தது. உறையை ஒட்டவில்லை. அபூ வஜீ படித்துக்கொள்ளட்டும். அந்தக் கல்யாணத்தில் எந்தப் பல்பு எரிந்தது என்று அவனும் தெரிந்துகொள்வது நல்லது.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முதல் தடவை கோபத்தில் அடுப்பில் போடப் போனேன். மூன்று மாதம், வதாத். மூளைக்குள் கட்டியோ என்று பயந்து இரண்டு தடவை ஸ்கேன் எடுத்தேன். அண்ணியிடம் வாங்கிய பேச்சுக்கு அளவே இல்லை. எல்லாம் உன் ஒரு விரலால் வந்தது. நான்காவது தடவை படிக்கும்போது அந்த ஏழரை மணி மட்டும்தான் கண்ணில் பட்டது. பனிக்காலத்தில் அந்தப் படிக்கட்டில், உன் வலிக்கிற முட்டியை வைத்துக்கொண்டு, ஐந்து மாடி.

டார்ச் விஷயத்தில் நான் கத்தியிருக்கக் கூடாது. லமீஸிடமும் நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. அவளைப் பற்றித் தப்பாக நினைத்ததற்கு, அவளுக்குத் தெரியாமலேயே ஒரு பெட்டி இனிப்பு வாங்கியிருக்கிறேன். காரணம் கேட்டால், ஸஹ்லேயில் இது வழக்கம் என்று சொல்லிவிடு.

புதன்கிழமை முதல் வேனில் வருகிறேன். மடியில் மானிட்டர், பையில் மாமாவின் குண்டு பல்பு நான்கு. எட்டரைக்கு வந்துவிடுவேன். லமீஸ் சாவியோடு வர ஒன்பதரை ஆகும். நீயும் எட்டரைக்கே வா. ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவா, ஏலக்காய் போட்டு. பூட்டிய கதவுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து குடிப்போம். இருட்டாக இருந்தால் நீ டார்ச் பிடி.

கறுப்புத் தாளை நேற்று துடைத்துப் பளிச்சென்று வைத்திருக்கிறேன். அதன் கீழ்விளிம்பில் இனி ஒரு விரல் கறை தெரிந்தால், அது யாருடையது என்று யாரையும் கேட்க மாட்டேன்.

கின்வா